ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மெரினாவுக்குப் போனவரின் மகள் எழுதுவது

எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். போன் செய்தவர்களிடமும் "விடுங்க, ஃபேஸ்புக்தானே" என்று சொல்லிவிட்டேன். இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில் பால்காரரே, "என்னம்மா, அப்பாவ மெரினாவுல வறுத்து எடுத்துட்டு வந்தியாமே" என்றார். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எந்தப் பதிவு என்று சொல்லத் தேவையில்லை. குன்னூர் ஆட்கள் பாதிப்பேர் அதற்குச் சிரிப்பு போட்டிருக்கிறீர்கள், பெயர்களைப் பார்த்தேன். மெரினாவில் நடந்த விமானப்படைச் சாகச நிகழ்ச்சிக்கு அப்பாவைக் கூட்டிப்போய், நான் என் பக்கத்தில் போட்ட படத்தை எடுத்து, அப்பாவின் ஸ்வெட்டரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "பழைய இரும்பைப் பார்க்கப் போன பழைய மனிதர். அங்கே ஐந்து உயிர் போச்சு, இவர்களுக்குப் போட்டோ" என்று எழுதியிருக்கிறார். அன்று வெயிலிலும் கூட்டத்திலும் இறந்துபோன ஐந்து பேரைச் சொல்கிறார். "போர் வெறி" என்று வேறு. எழுதியவர் படித்தவர். நிறையவே படித்தவர். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

அப்பா போரைப் பார்க்கப் போகவில்லை. டகோட்டா என்கிற பழைய சரக்கு விமானத்தைப் பார்க்கப் போனார். இரண்டும் வேறு வேறு.

அன்று மெரினாவில் 72 விமானங்கள். ரஃபேல், தேஜஸ், சூரியகிரண், நம்ம சூலூரிலிருந்து போன சாரங் ஹெலிகாப்டர்கள், எல்லாம். அப்பாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "டகோட்டா வருதாம்மா?" பேப்பரில் கடைசியில் ஒரே ஒரு வரியில் இருந்தது, டகோட்டாவும் ஹார்வர்டும் வரும் என்று. அந்தத் துண்டைக் கத்தரித்து ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அவருடைய தாய்மாமா ராணுவத்தில் இருந்தவர். நேஃபா, அதாவது இன்றைய அருணாச்சலப் பிரதேசம், அந்தப் பக்கம் ரோடே இல்லாத ஒரு முகாம். டகோட்டா வந்து மேலிருந்து மூட்டை தள்ளினால்தான் அடுத்த வாரச் சோறு. மூட்டை பாறையில் விழுந்து கிழிந்தால் மண்ணோடு சேர்த்து அரிசியை அள்ளிப் புடைப்பார்களாம். லீவில் வரும்போதெல்லாம் எங்கள் பாட்டி முறத்தோடு உட்கார்ந்தால், "இதென்ன கல்லு, நேஃபா அரிசில மலையே கெடந்துச்சு" என்பாராம். அப்பாவுக்கு அப்போது 13 வயது. 13 வயதுப் பையன் மனதில் அந்த விமானம் எதுவாகப் பதிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அது லாரிங்க. இரண்டு எஞ்சின் வைத்த லாரி. 1935-ல் பயணிகளை ஏற்றிப்போகச் செய்த விமானம். சண்டை வந்தபோது சாமான் ஏற்றினார்கள், ஆள் ஏற்றினார்கள். 1947 ஜூலையில் பிஜு பட்நாயக் இந்தோனேசியாவுக்குப் பறந்துபோய் அந்த நாட்டுத் தலைவர்களில் ஒருவரான ஷாரீரைக் கூட்டிவந்தது டகோட்டாவில்தான். அதே வருடம் அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவு ஸ்ரீநகரில் இறங்கியதும் அதில்தான். மெரினாவுக்கு வந்த டகோட்டாவான 'பரசுராமா'வின் உடம்பில் இருப்பது அந்த ஸ்ரீநகர் விமானத்தின் எண், வி.பி. 905. ஒரு டகோட்டா விமானியின் மகன், தன் அப்பாவின் நினைவாக, இங்கிலாந்தில் புதுப்பிக்க வைத்து விமானப்படைக்குக் கொடுத்தது. 2018-ல் இங்கே வந்து சேர்ந்தது. அப்பாவுக்காக ஒரு மகன் விமானத்தையே கொடுக்கலாம், நான் ஒரு ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்துக் கொடுக்கக் கூடாதா?

உடனே சொல்வீர்கள், தெரியும். காஷ்மீர்ச் சண்டையில் இதே டகோட்டாவின் கதவு வழியாகக் குண்டை உருட்டித் தள்ளினார்களே என்று. ஆமாம், தள்ளினார்கள். லாரியில் கல் ஏற்றிக்கொண்டு அடிதடிக்குப் போனால் லாரி மேலா கேஸ் போடுவீர்கள்? (இந்தப் பதில் கொஞ்சம் இடிக்கிறது என்று எனக்கே தெரிகிறது. போகட்டும்.)

அப்புறம் இந்த "போர் வெறி" பற்றி. இதை ஊட்டியில் உட்கார்ந்தோ குன்னூரில் உட்கார்ந்தோ சொல்லாதீர்கள், சிரிப்பு வருகிறது. அருவங்காட்டு வெடிமருந்து ஆலையில் 120 வருஷமாகக் காய்ச்சுவது என்ன, சாம்பிராணியா? பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் போகிற மருந்து. அப்பா அங்கே 34 வருஷம் வேலை பார்த்தார். என் படிப்பு அந்தச் சம்பளத்தில். பதிவு எழுதியவர் வீட்டுப் பென்ஷன் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்கவில்லை. அவரே யோசிக்கட்டும்.

விமானத்துக்கு எரிக்கிற எண்ணெய் யார் காசு என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருக்கிறார். நம்ம காசுதான். மலர்க் கண்காட்சியும் நம்ம காசுதான். அடுத்தது.

அந்த ஐந்து பேர். இங்கேதான் எனக்கு வாய் அடைக்கிறது. நாங்கள் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள், செய்தியில் படித்தவர்கள் இல்லை. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் சென்ட்ரலில் இறங்கி, ஒன்பதரைக்கு மணலில் இருந்தோம். படம் எடுத்தது அப்போதுதான். நிகழ்ச்சி 11 மணிக்கு. பத்தரைக்கே மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஸ்வெட்டரைக் கழட்டுங்கள் என்றால் கேட்கவில்லை. "கண்ணாடிக் கூடு, பிரஷர் மாத்திரை, பேப்பர் துண்டு, எல்லாம் இந்தப் பாக்கெட்லதான் இருக்கு, கழட்டினா எங்க வைக்கறது?" என்கிறார். கடைசியில் நானே உருவி எடுத்து, நனைத்து, தலையில் கட்டிவிட்டேன். கையில் இருந்த தண்ணீர் அத்தோடு தீர்ந்தது. சட்டைப் பாக்கெட்டுக்கு மாத்திரையை மாற்றத் தோன்றாத மகள்தான் நான், ஒத்துக்கொள்கிறேன்.

12 மணிக்கு மேல் அவருக்குக் கண் இருட்டியது. நொச்சிக்குப்பத்துக்காரம்மா ஒருவர், பெயர் கூடக் கேட்கவில்லை, "பெரியவரே, இப்டி வாங்க" என்று படகு நிழலில் உட்கார வைத்து, பிளாஸ்டிக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார். காசு நீட்டினேன், முறைத்தார். அந்த நிழலும் தண்ணீரும் கிடைக்காதவர்களும் அன்று இருந்தார்கள். என்னால் வேறு என்ன சொல்ல முடியும்? தண்ணீர் வைக்க வேண்டியவர்களைக் கேளுங்கள். நிழல் போட வேண்டியவர்களைக் கேளுங்கள். வீட்டுக்குத் திரும்பாதவர்களை எடுத்து, திரும்பி வந்த என் அப்பாவை அடிக்காதீர்கள்.

பெரியவரை அந்த வெயிலில் கூட்டிப் போகலாமா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. அதை நானே என்னிடம் ரயிலில் இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தேன். நீங்களும் கேட்க வேண்டாம்.

டகோட்டா வந்ததைச் சொல்லிவிடுகிறேன், யாரும் அதைக் கேட்கவே இல்லை. ரஃபேல் போய் முடிந்த பிறகுதான் காதைப் பிளக்கும். டகோட்டா அப்படி இல்லை, வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுகிறது, பழைய டீசல் பஸ் மாதிரி. மெதுவாக, அவசரமே இல்லாமல் கடல்மேல் போயிற்று. சுற்றி எல்லோரும் போனைத் தூக்கியிருந்தார்கள். அப்பா கைதட்டவில்லை, சல்யூட் அடிக்கவில்லை, பாரத மாதாவுக்கு ஜே போடவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கதவு தெரியுதா? பின்பக்கம், இடது பக்கம் இருக்கும். அங்கருந்துதான் தள்ளுவாங்க" என்றார். வெயிலில் எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. தெரியுதுப்பா என்றேன்.

கமெண்டில் ஒருவர் "நஞ்சப்பசத்திரத்தைப் பார்த்த ஊர்க்காரர்களுக்குமா புத்தி வரவில்லை" என்று எழுதி, அதற்கு 41 லைக். யாருக்குச் சொல்கிறீர்கள்? 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் அங்கே விழுந்தபோது அந்தப் பனிமூட்டத்தில் சத்தத்தைக் கேட்டவர்கள் நாங்கள். என் சித்தி வீடு காட்டேரியில். வெலிங்டனில் இறங்க இன்னும் சில நிமிஷம்தான் இருந்தது. குடத்திலும் பக்கெட்டிலும் தண்ணீர் கொண்டு ஓடியதும், வீட்டுக் கம்பளியைக் கொடுத்ததும் அந்தச் சனங்கள். யாருடைய கம்பளி, எவ்வளவு விலை என்று யாரும் பார்க்கவில்லை. 14 பேரில் 13 பேர் அன்றே போனார்கள், ஒரு வாரத்தில் குரூப் கேப்டன் வருண் சிங்கும். அதற்குப் பிறகு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே அப்பா வாசலிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுவார். வருஷக்கணக்கில். அந்த மனிதர் தானாக வாய் திறந்து, "டகோட்டா வருதாம்மா" என்று கேட்டால் நான் டிக்கெட் எடுக்காமல் என்ன செய்வது?

இங்கே நமக்கு என்னதான் நடக்கிறது? ஸ்கேன் எடுக்கக் கீழே போ, நல்ல காலேஜுக்குக் கீழே போ, கல்யாணப் புடவைக்குக் கீழே போ. 14 கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டு எதற்கெல்லாமோ இறங்குகிறோம். ஒரே ஒரு தடவை, ஆசைப்பட்டு, ஒரு விமானம் பார்க்க இறங்கினால் அது உங்களுக்குக் கேலி.

சிரிப்பு போட்டவர்கள் எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். பதிவு எழுதியவர் மட்டும் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அப்பாவுக்கு ஃபேஸ்புக் இல்லை, ஆனால் அண்ணன் பையன் சனிக்கிழமை வருகிறான், அவன் கையில் போன் இருக்கும். ஸ்வெட்டர் இன்னும் கொடியில் தொங்குகிறது, இந்த மழையில் மூன்று நாளாகக் காயவில்லை. அவரும் தினமும் தொட்டுப் பார்த்துவிட்டு, பாக்கெட்டில் இருந்த துண்டு எங்கே என்று கேட்கிறார். தண்ணீரில் கரைந்துவிட்டது. இன்னும் சொல்லவில்லை.