பாட்டு கேட்கச் சிங்கப்பூர் போனது பற்றி

2024 ஜனவரி இறுதியில் நானும் தம்பியும் சிங்கப்பூருக்குப் போய், இங்கிலாந்தின் கோல்ட்பிளே இசைக்குழுவின் நிகழ்ச்சியை நேரில் பார்த்துவிட்டு மூன்றே நாளில் காட்பாடிக்குத் திரும்பினோம். அன்றிலிருந்து கல்யாணமோ காதுகுத்தோ எங்கே போனாலும், யாராவது ஒருவர் அந்தச் செலவைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப் போனதால் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்டவர் அம்மாதான். விசாவுக்காக எடுத்த வெள்ளைப் பின்னணிப் புகைப்படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "பாட்டு கேக்கறதுக்கு இன்னாத்துக்குடி சிங்கப்பூரு? அதான் செல்லுலயே வருதே" என்றார். அந்தக் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிறகு கேட்ட அத்தனை பேரும் அதையேதான் வேறு வேறு சொற்களில் கேட்டார்கள்.

செல்லில் வருவது உண்மைதான். எனக்கு அந்தக் குழு அறிமுகமானதே ஒரு செல்லில்தான். 2006 வாக்கில் வேலூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, மிசோரத்திலிருந்து படிக்க வந்திருந்த அறைத்தோழி, மின்சாரம் போன ஓர் இரவில் தன் இயர்போனின் ஒரு முனையை என் காதில் செருகினாள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'எல்லோ' என்ற பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாதிச் சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் கிடார் உரக்க எழும் இடத்தில் அவளும் நானும் ஒரே நேரத்தில் தலையசைத்தோம் என்பது மட்டும் இன்றும் நினைவில் இருக்கிறது. இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவள் நான். இன்றும் சமையல்கட்டில் ஓடுவது அவர்தான். ஒன்றைப் பிடித்துவிட்டால் இன்னொன்றைக் கைவிட்டுவிட்டதாக நம் ஊரில் ஏன் முடிவு கட்டுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, ஆற்காட்டுக்கும் செய்யாற்றுக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்துக்காரர். தெருக்கூத்துப் பைத்தியம் என்று ஊரே அவரைச் சொல்லும். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிட்டால், தனக்குப் பிடித்த ஜமா, அதாவது கூத்துக்குழு, எந்த ஊரில் ஆடுகிறது என்று விசாரித்துக்கொண்டு, கட்டுச்சோற்றோடு நடந்தே போய்விடுவாராம். கதையில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கர்ணன் சாகத்தான் போகிறான், துரியோதனன் படுகளத்தில் விழத்தான் போகிறான். அடுத்து எந்தப் பாட்டு வரும் என்பதுகூட மனப்பாடம். சொந்த ஊர்த் திருவிழாவிலேயே வேறொரு ஜமா அதே கூத்தை ஆடத்தான் செய்தது. இருந்தும் பத்து மைல், பதினைந்து மைல் நடந்தார்.

ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "திரைக்காக" என்றார். கூத்து பார்த்தவர்களுக்கு இது புரியும். பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பெரிய வேஷம் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். உள்ளே இருந்தபடியே அவர் விருத்தத்தை எடுப்பார், முகவீணை கூடவே இழையும், மிருதங்கம் ஏறும். முகத்தைக் காட்ட அவசரமே படமாட்டார்கள். தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஐந்நூறு பேரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும் என்று தாத்தா சொன்னார். அந்த ஐந்நூறு பேரில் ஒருவராக உட்காரத்தான் அவர் பதினைந்து மைல் நடந்திருக்கிறார் என்பது எனக்குச் சிங்கப்பூர் போய்வந்த பிறகே சரியாக உறைத்தது.

வேலூர்க்காரர்களுக்குப் பயணம் புரியாத விஷயமும் இல்லை. மருத்துவத்துக்காக வங்காளத்திலிருந்தும் எல்லைக்கு அப்பால் வங்கதேசத்திலிருந்தும் நம் ஊருக்கு வருகிறார்கள். கடைப் பலகைகளில் வங்க எழுத்து இருப்பது நமக்கெல்லாம் பழகிவிட்டது. ஓர் உயிருக்காகக் கடந்துவரும் தூரத்தையும் ஒரு பாட்டுக்காகக் கடந்துபோகும் தூரத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் வேலை செய்பவள், அந்த நோயாளிகளின் முகங்களைத் தினமும் பார்ப்பவள் நான். உயிரும் உடம்பும் தவிர மற்ற எதற்கும் மனிதன் ஊர் தாண்டக் கூடாது என்கிற மாதிரியான பேச்சைத்தான் நான் ஏற்கவில்லை.

இனி பணம். டிக்கெட் விற்பனை 2023 ஜூன் மாதம் நடந்தது. கோல்ட்பிளே அங்கே ஜனவரி 23, 24, 26, 27, 30, 31 என ஆறு இரவுகள் வாசித்தார்கள். குடியரசு தின விடுமுறை வெள்ளிக்கிழமை வந்ததால், 27ஆம் தேதி சனிக்கிழமைக்குப் போட்டோம். ஒரு டிக்கெட் நம் பணத்தில் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். விமானத்துக்குப் போக வர இருபத்து நான்காயிரம். விசா, தங்குமிடம், சாப்பாடு, அங்கே ரயில் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆனது. நான் மாதா மாதம் கட்டிவந்த ஏலச்சீட்டை எடுத்தேன். தம்பி தன் போனஸை வைத்திருந்தான். ஒரு ரூபாய் கடன் இல்லை. கடன் செயலியில் பணம் எடுத்துக்கொண்டு, அல்லது பத்து மடங்கு விலைக்குக் கள்ளச் சந்தையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த அளவுக்கு எந்தக் குழுவும் பெறாது, இந்தக் குழுவும் சேர்த்துத்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தெரு அடைக்கப் பந்தல் போட்டு, நுழைவாயிலில் பத்தடி பேனர் கட்டி, காது கிழியப் பாட்டுப் போட்டு, நாலு லட்சம் செலவழித்துவிட்டு, அந்தக் கடனை ஆறு வருடம் அடைக்கிற வீடு நம் ஒவ்வொருவர் தெருவிலும் இருக்கிறது. அங்கே போய் மொய் எழுதிவிட்டு, பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வருகிறோம். இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற, நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் தன் சம்பாத்தியத்தில் தனக்கென்று ஒன்று செய்துகொண்டால் மட்டும் கணக்கு நோட்டு வெளியே வருகிறது. தம்பியை யாரும் கேட்பதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன். அவனும் அதே விமானத்தில்தான் வந்தான்.

போன கதை சுருக்கம்தான். காட்பாடியிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து நான்கு மணி நேர விமானம். (வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரத்து விமான நிலையத்திலிருந்து பறக்கும் யோகம் நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை.) நாங்கள் இறங்கியதற்கு முந்தைய நாள் தைப்பூசம். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி போய் முடிந்த மறுநாள்; எங்கள் விடுதிக்காரர் முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாவியைக் கொடுத்தார். பால்குடம் தூக்கி நடந்தாராம். நாங்கள் எதற்கு வந்தோம் என்று சொன்னதும் சிரிக்கவில்லை. எந்த ரயில், எந்த நிலையம், எத்தனை மணிக்குக் கிளம்பினால் நெரிசல் இருக்காது என்று சொல்லித் தந்தார்.

தேசிய விளையாட்டரங்கில் ஐம்பத்தைந்தாயிரம் பேர் உட்காரலாம். மேலே ராட்சதக் கூடை கவிழ்த்தது போன்ற கூரை. நுழையும்போதே ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்தார்கள். வெள்ளையாக, எடையே இல்லாமல், குழந்தை விளையாட்டுச் சாமான் போல இருந்தது. எங்கள் இருக்கை மேல் அடுக்கில், மேடைக்கு எதிர்க்கோடியில். மேடையில் நிற்பவர்கள் தீக்குச்சி அளவு. தம்பியின் முகம் தொங்கிவிட்டது. விளக்குகள் அணைந்தன. அத்தனை கைகளிலும் இருந்த பட்டைகள் ஒரே நொடியில் எரிந்தன. நான் என் மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால், முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் மணிக்கட்டுகள் அதே சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அந்த இடத்தில் நாங்களே வேடிக்கையாகிவிட்டோம். 'எல்லோ' தொடங்கியபோது அரங்கம் முழுவதும் மஞ்சள் பூசிக்கொண்டது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் மின்சாரம் இல்லாத அறையில் கேட்ட அதே கிடார், இந்தமுறை மார்புக்கூட்டில் இடித்தது. பக்கத்தில் இருந்த, என் வயதே இருக்கக்கூடிய மலாய்ப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பார்க்காதது போல இருந்தேன், என் கண்ணும் அதே நிலையில் இருந்ததால்.

பாதியில் அவர்கள் பெரிய மேடையை விட்டு இறங்கி, அரங்கின் மறுகோடியில் இருந்த ஒரு சின்ன மேடைக்கு நடந்து வந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவனும் பார்க்கட்டும் என்று கூத்தாடுபவர் களத்தின் கடைசி வரிசைவரை வந்து போவது போல இருந்தது. தம்பி நாற்காலியில் ஏறாத குறை. இன்னொரு பாட்டை நடுவில் நிறுத்தி, பாடகர் கிறிஸ் மார்ட்டின், இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கைபேசிகளை உள்ளே வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் வரிசையில் எல்லோரும் வைத்தார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கு என்னிடம் வீடியோ இல்லை. அந்த மாலையில் எனக்கு மிகத் தெளிவாக நினைவில் நிற்பதும் அந்த ஐந்து நிமிடம்தான்.

முடிந்ததும் கைப்பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எந்த நகரத்தார் எத்தனை விழுக்காடு திருப்பித் தந்தார்கள் என்று திரையில் காட்டி ஊருக்கு ஊர் போட்டியே வைத்தார்கள். நானும் கழற்றிப் பெட்டியில் போட்டேன். வெளியே அத்தனை ஆயிரம் பேரும் பலகை பிடித்த ஊழியர்கள் காட்டிய வழியில், தள்ளுமுள்ளு இல்லாமல் நடந்து நிலத்தடி ரயிலில் ஏறினார்கள். நள்ளிரவுக்குள் நாங்கள் விடுதியில் இருந்தோம். 2023 செப்டம்பரில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாமல், பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் சிக்கித் திரும்பிய ஓர் இசை நிகழ்ச்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். 'இங்கேயே பார்க்கலாமே' என்று என்னிடம் சொல்பவர்கள், இங்கே நிம்மதியாகப் பார்க்க என்னென்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் இதை ஒரு தொழிலாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தென்கிழக்காசியாவில் அங்கே மட்டும் ஆறு இரவுகள் பாடியதும், அதற்கு அரசு ஊக்கத்தொகை கொடுத்ததைப் பிரதமரே ஒப்புக்கொண்டதும், பக்கத்து நாடுகள் முணுமுணுத்ததும் செய்திகளில் வந்தவை. சென்னையில் அப்படியோர் அரங்கமும், நிகழ்ச்சி முடியும்வரை ஓடும் மெட்ரோவும் இருந்தால், நான் காட்பாடியிலிருந்து ரயிலேறிப் போய்விட்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுவேன்.

ஒரு குறுகுறுப்பையும் மறைக்க விரும்பவில்லை. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத வழி தெரியும்வரை பெரிய சுற்றுப்பயணம் போக மாட்டோம் என்று 2019இல் சொன்ன குழு இது. இந்தச் சுற்றுப்பயணத்தில் ரசிகர்களை சைக்கிள் மிதிக்க வைத்து மின்சாரம் எடுத்தார்கள். அதைப் பார்க்க நான் விமானத்தில் பறந்து போனேன். இதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது.

பிறகுதான் வேடிக்கை. நாங்கள் திரும்பிய எட்டாவது மாதம், அதே குழு 2025 ஜனவரியில் மும்பைக்கு வரப்போவதாக அறிவிப்பு வந்தது. "ஒரு வருஷம் பொறுத்திருந்தா துட்டு மிச்சமாயிருக்கும்ல" என்று சித்தப்பா தொலைபேசியிலேயே சிரித்தார். சரி, இதையும் பார்த்துவிடுவோம் என்று விற்பனை நாளன்று நானும் தம்பியும் ஆளுக்கொரு கணினியில் உட்கார்ந்தோம். வரிசையில் என் எண் ஏழு லட்சத்துச் சொச்சம். வரிசை நகர்ந்து என் முறை வருவதற்குள் டிக்கெட் தீர்ந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. சித்தப்பாவை நானே அழைத்து இதைச் சொன்னேன்.

2025 ஜனவரி 26 அன்று, பின்னர் சேர்க்கப்பட்ட அகமதாபாத் நிகழ்ச்சியை ஹாட்ஸ்டாரில் நேரலையாகக் காட்டினார்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடிய அரங்கம் சின்னப் பெட்டிக்குள் மின்னியது. அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த ஆள் ஏன் இவ்வளவு ஓடுகிறான், அவனுக்கு மூச்சு வாங்காதா என்றெல்லாம் கேட்டார். கைப்பட்டைகள் எரிந்தபோது, "இதான் நீ குடுத்துட்டு வந்தியா? ஒண்ணு எடுத்துனு வந்திருக்கலாம்ல" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்:

"எனக்கு எட்டு வயசு இருக்கும். எங்கப்பா என்னியும் தோள்ல தூக்கினு கூத்துக்குப் போனாரு. கர்ண மோட்சம். திரை கட்டறதுக்கு முன்னாடியே நான் தூங்கிட்டேன். அவரு எழுப்பவே இல்லடி. கூத்து முடிஞ்சி விடிஞ்சப்புறம்தான் முழிச்சேன். பொரி உருண்டை வாங்கிக் குடுத்து சமாதானம் பண்ணாரு. அந்த ஜமாவும் அப்புறம் எங்க ஊர்ப் பக்கம் வரவே இல்ல."