நந்தி மலையில் பெரிய கியரை விடாமல் மிதித்தால்தான் வேகம் வருமா?

“விட்ட சைக்கிளை மறுபடி எடுப்பவர்கள் நந்தி மலையை 50 பல் செயின்ரிங்கிலேயே (பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம்) ஏற வேண்டும், அப்போதுதான் காலில் வலு ஏறும்” என்று பெங்களூரு தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. முழங்காலைக் கெடுக்கக்கூடியதும்கூட.

மேட்டில் வேகம் தருவது விசை மட்டுமல்ல, விசையும் மிதிக்கும் சுற்றும் சேர்ந்த திறன். முன்னே 34 பல், பின்னே 28 பல், நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மணிக்கு ஏறக்குறைய 10.7 கி.மீ. அதே வேகத்துக்கு முன்னே 50 பல் போட்டால் சுற்று 48 ஆகக் குறையும். ஒவ்வொரு மிதிக்கும் விசை 47% கூடும். வேகம் துளிகூட ஏறாது. மூச்சு சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், தசைநாண்களுக்கோ மாதங்கள் பிடிக்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி கிளம்புவது இந்த இடைவெளியில்தான். சீட் தாழ்வாக இருந்தால் இன்னும் மோசம்.

லேசான கியர் கிடைக்க, பின்னே 11-32 கேசட் (11 முதல் 32 பல் வரையுள்ள பல்சக்கரத் தொகுப்பு) மாட்டுங்கள். பின் டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) 32 பல்லைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். செயின் நீளம் போதாவிட்டால் பெரிய பல்லுக்குப் போகும்போது டிரெய்லியர் முறுக்கி உடையக்கூடும். வாரம் ஒருநாள் மேட்டில் 8 நிமிடம், 3 முறை, நடுவில் 4 நிமிடம் இளைப்பாறல். இரண்டு மூன்று சொல்தான் பேச முடிகிற அளவு மூச்சு வாங்கினால் சரியான வேகம்.