நகராத மேசைகள்

தடுப்பு வைத்த அலுவலக மேசையைக் கோழிக்கூண்டு என்று திட்டாதவர்கள் குறைவு. ஆனால் அது பிறந்த நோக்கமே வேறு. ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க அறைகலன் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் உருவாக்கிய 'ஆக்‌ஷன் ஆபீஸ்' என்ற அலுவலக மேசைத் தொகுப்பு 1964இல் வந்தபோது, நின்றுகொண்டே வேலை செய்ய உயரமான மேசையும் அதில் இருந்தது. 1968இல் வந்த இரண்டாவது வடிவத்தில் தடுப்புகளை 120 டிகிரிக்கு விரித்து வைக்கலாம். உட்கார்ந்தவருக்கு மறைவும் உண்டு, திறப்பும் உண்டு. வாங்கிய நிறுவனங்களோ அதை 90 டிகிரிக்கு மடக்கி, ஒரு தளத்தில் எத்தனை பேரைத் திணிக்கலாம் என்று கணக்குப் போட்டன. பின்னாளில் ப்ராப்ஸ்டே இதைக் கடுமையாகச் சாடினார்.

இன்று 'ஃப்ளெக்சிபிள் டெஸ்க்' (யாருக்கும் நிரந்தரமாக ஒதுக்காமல், தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் மேசை) என்ற பெயரில் அதே தவறு திரும்ப நடப்பதாக நினைக்கிறேன். யாருக்கு வசதியான நெகிழ்வு இது? பெரும்பாலும் இடத்தைக் கணக்குப் பார்ப்பவருக்கு. காலையில் வந்து இடம் தேடி அலைபவருக்கு அல்ல.

எங்கள் குழுவுக்குச் சக்கரம் வைத்த மேசைகள் வந்தன. ஆறு மாதம் ஒன்றுகூட நகரவில்லை. எல்லோரும் எங்களைத்தான் குறை சொன்னார்கள், பழக்கத்தை மாற்ற மாட்டோம் என்று. உண்மையில் பிளக் பாயின்ட் சுவரில் இருந்தது. வயர் எட்டும் தூரம்தான் மேசை போகும் தூரம். இதை வரைபடம் போட்டவர் யோசித்திருக்க வேண்டாமா?

தடுப்பை முழுக்க எடுத்துவிட்டால் எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்பதும் நம்பிக்கை மட்டும்தான். ஹார்வர்டைச் சேர்ந்த பெர்ன்ஸ்டீன், டர்பன் இருவரும் இரண்டு நிறுவனங்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு: திறந்த தளத்துக்கு மாறிய பிறகு நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சலும் மெசேஜும் கூடின. எனக்கு இதில் வியப்பே இல்லை. எல்லோர் கண்ணிலும் படும்போது மனுஷன் ஹெட்போனுக்குள்தான் ஒளிவான்.

உட்கார்ந்தவரின் கண் மட்டம் ஏறத்தாழ 120 செ.மீ. தடுப்பு அதைவிடச் சற்று உயர்ந்தால் பார்வை மறையும், எழுந்து நின்றால் பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். ஆனால் பேச்சுச் சத்தம் அதைத் தாண்டி வந்துவிடும். கவனத்தைக் கலைப்பது இரைச்சலைவிட, காதில் விழுந்து புரிகிற பேச்சுதான். அதனால் கூடிப் பேசும் மேசையும் தனியாக யோசிக்கும் மேசையும் அடுத்தடுத்து இருக்கவே கூடாது. எவ்வளவு விலையுயர்ந்த மேசை வாங்கினாலும் இது மாறாது.

இருவர் சேர்ந்து வேலை செய்ய மேசையின் மூலையே போதும். எதிரெதிரே உட்கார்ந்தால் திரை ஒருவருக்குத்தான் தெரியும். மூலையில் உட்கார்ந்து, மேசையில் பொருத்திய சுழலும் தாங்கியில் மாட்டிய மானிட்டரைத் திருப்பினால் இருவருக்கும் தெரியும், வேலை முடிந்ததும் தள்ளிவிடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கடைசியில் எங்கள் தளத்தில் கூரையிலிருந்து வயர் இறக்கினார்கள். அதே வாரம் நான்கு மேசைகள் இடம் மாறின. ஒருவர் தன்னுடையதைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏன் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.