திருகோணமலை எண்ணெய்க் குதங்களுக்குப் பங்கு எழுதியாயிற்று, மாகாண சபைக்குத் தேர்தல் எங்கே?

ஜனநாயக நாடுகள் கைகோர்க்க வேண்டும் என்ற பேச்சு இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. அமெரிக்கா 2025 ஏப்ரலில் இலங்கைக்கு 44 வீதத் தீர்வை வரியை அறிவித்தது. பேசிப் பேசி அது 20 வீதத்துக்கு இறங்கியது. பாதுகாப்பில் கூட்டாளி என்று கொண்டாடப்படும் இந்தியாவுக்கே 50 வீதம் விழுந்தது. பெரியவர் இப்படி நடந்துகொண்டால், மற்றவர்கள் தங்களுக்குள் சேர்ந்துகொள்ளத்தான் பார்ப்பார்கள். நானும் அதை விரும்புகிறேன். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் விழுந்தபோது யப்பான், இந்தியா, பிரான்ஸ் மூன்றும் இணைத்தலைமை ஏற்றுக் கடன் கொடுத்த நாடுகள் பலவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தன. 2024 ஜூனில் ஒப்பந்தமும் முடிந்தது. அந்த நன்றியை மறக்க முடியாது.

ஆனால் இந்த ஒத்துழைப்பு திருகோணமலைக்கு வரும்போது ஒரு காலால்தான் நடக்கிறது.

1987 யூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனாவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் எங்கள் ஊருக்கு இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும். இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவமும் துறைமுகத்தைப் பயன்படுத்தக் கூடாது, குதங்களை இருநாடும் சேர்ந்து சீரமைக்கும் என்று கடிதம் மாற்றிக்கொண்டார்கள். மற்றது மாகாண சபை, அதாவது மாகாண விடயங்களைக் கவனிக்க அந்த மாகாணத்து மக்களே தெரிவு செய்யும் சபை.

சீனன்குடாக் காட்டுக்குள் போனவர்களுக்கு அந்தக் குதங்களைத் தெரியும். கொடி படர்ந்து, துருவேறி நிற்கும் பிரித்தானியர் காலத்து இரும்பு. 1942 ஏப்ரல் 9 தாக்குதலில் யப்பானிய விமானம் மோதி எரிந்த குதத்தின் மடிந்த தகடுகளும் அங்கேதான் கிடக்கின்றன. (அன்று குண்டு போட்டவர்களே இன்று கடன் குழுவின் இணைத்தலைவர்கள். உலக ஒழுங்கு மாறுகிறது என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.) 2022 ஜனவரியில் பங்கு பிரித்தார்கள்: இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு 14, இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. அந்தக் கூட்டு நிறுவனத்தில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துக்கு, 49 ஐஓசிக்கு. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு இராச்சியமும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் திட்டத்தில் சேர்ந்தது. மன்னராட்சி நாடுதான், அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

மாகாண சபை என்னவாயிற்று? 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதுவரை இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரித்தது. கிழக்குக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012இல். 2017 செப்டம்பரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பிறகு ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான் எல்லாம். கட்டடம் இருக்கிறது, செயலாளர்கள் இருக்கிறார்கள், வாகனங்கள் ஓடுகின்றன. நாங்கள் தெரிவு செய்த ஒருவர் கூட உள்ளே இல்லை.

எங்கள் மாவட்டத்துச் சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் போரால் இடம்பெயர்ந்த சனம் கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காகக் காத்திருந்தது. அந்த இடைவெளியிலேயே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கு இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் செய்தன. 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையம். நிலக்கரியைவிட நல்லது, சந்தேகமில்லை. நிலக்கரியா சூரியனா என்ற முடிவு இரண்டு தடவையும் கொழும்பிலும் டெல்லியிலும் எடுக்கப்பட்டது.

நரேந்திர மோடி 2025இல் கொழும்பில் மாகாண சபைத் தேர்தலைப் பற்றிப் பேசினார். நல்லது. ஆனால் குதங்களுக்குச் சதவீதம் எழுதிக் கையெழுத்து, தேர்தலுக்கு நம்பிக்கை தெரிவிக்கும் ஒரு வசனம்.

உள்நாட்டு விடயத்தில் வெளியார் தலையிடலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையால் எங்கள் வீட்டு மின்கட்டணம் ஏறியது. 2023இன் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அந்த நிதியத்தின் கடன் வேலைத்திட்டத்தின் நெருக்குதலோடுதான் வந்தது. அப்போது தலையீடு என்று கூச்சல் போடாதவர்கள், தேர்தல் என்றதும் இறைமையைத் தூக்கிக்கொண்டு வருவது எந்த நியாயம்? எரிசக்தி மையத்துக்கான அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், இந்தியா கிழக்கு மாகாண சபைத் தேர்தலுக்கு ஒரு திகதி கேட்கட்டும். மையத்தின் நிர்வாகத்தில் அந்தச் சபைக்கு ஓர் ஆசனமும் கேட்கட்டும்.