மழையை அளக்கத் தெரிந்த பிள்ளைகள்

மொரீசியசில் வானொலி புயல் எச்சரிக்கையை அறிவிக்கத் தொடங்கியதும் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் முதலில் கேட்பது நாளை விடுமுறையா என்பதைத்தான். பிள்ளைகள் அப்படிக் கேட்பது இயல்பு. ஆனால் தொடக்கப் பள்ளியை முடித்து வெளியேறும் ஒரு பிள்ளைக்கு கிளாஸ் 1, கிளாஸ் 2 என்ற புயல் எச்சரிக்கை எண்கள் மனப்பாடமாக இருந்தும், அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பது தெரியாமலே போவதைப் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

அந்த எண்கள் காற்றைப் பற்றியவை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் வன்காற்று தீவைத் தாக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே அவற்றின் அடிப்படை. எவ்வளவு மழை பெய்யும், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதை அவை சொல்வதில்லை. 2013 மார்ச் 30 அன்று புயலே இல்லாமல் பெய்த பெருமழையில் தலைநகர் போர்ட் லூயிசில் பதினொரு பேர் உயிரிழந்தனர். சுரங்க நடைபாதையில் சிக்கியவர்களும் அவர்களுள் அடங்குவர். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் தீவின் அருகே கடந்தபோது, அதே நகரத்தின் தெருக்களில் வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றதை நாம் எல்லோரும் கண்டோம். காற்றின் அபாயமும் நீரின் அபாயமும் வெவ்வேறானவை என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்க வைப்பது கடினமன்று. அதற்குரிய கருவி நம் கைக்கு எட்டிய தொலைவில்தான் இருக்கிறது.

நான் சொல்வது மழைமானியை. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் புட்டியின் மேற்பகுதியை வெட்டி, அதைப் புனலாகக் கவிழ்த்து வைத்து, அடிப்பகுதியின் மேடுபள்ளம் மறையும் வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியமாகக் கொண்டு ஓர் அளவுகோலை ஒட்டினால் போதும். மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளவெடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். இதை அறிந்த பிள்ளை தன் வீட்டுக் கூரையின் நீள அகலத்தை அளந்து, நேற்றைய மழையில் அதன் மேல் எத்தனை லிட்டர் விழுந்தது என்று தானே கணக்கிடும். அவ்வளவு நீரும் எங்கே போயிற்று என்ற கேள்வி பிறகு தானாக வரும். அண்டைத் தீவான ரியூனியனின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் ஒரே நாளில் 1825 மில்லிமீட்டர் மழை பெய்தது. 24 மணி நேர மழையில் உலகச் சாதனை அதுதான். கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் அந்த உயரத்தில் ஒரு கோடு வரையுங்கள். ஆசிரியர்களுள் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள்.

பாடநூலில் வரும் நீர்ச்சுழற்சிப் படம் எந்த நாட்டுக்கும் பொருந்தும் படம். எங்கள் தீவின் வானிலையோ தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுதும் வீசும் தடக்காற்றிலிருந்து தொடங்குகிறது. ஈரம் சுமந்து வரும் அந்தக் காற்று நடு மேட்டு நிலத்தில் ஏறிக் குளிர்ந்து அங்கே மழையை இறக்கிவிட்டு, மேற்குச் சரிவில் வறண்டு இறங்குகிறது. மேட்டு நிலத்து ஊரான கியூர்பிப்பில் தூறலில் மெட்ரோ ரயில் ஏறிய பிள்ளை மேற்குக் கரையிலுள்ள போர்ட் லூயிசில் வெயிலில் இறங்குவதன் காரணம் இதுவே. இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் எந்தப் பள்ளிக்கும் கிடைக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் தெற்கு அரைக்கோளத்தில் வாழ்கிறோம். இங்கே புயல் கடிகார முள் செல்லும் திசையில் சுழல்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தப் பகுதி, அதாவது புயலின் நடு, வலக்கைப் பக்கம் இருக்கும் என்ற விதியைப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை நிற்க வைத்தே கற்பிக்கலாம். 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயலின் நடுப்பகுதியான கண் தீவைக் கடந்ததை நினைவில் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். கண் மேலே வரும்போது காற்று அடங்குவதும், அது கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் சீறுவதும் ஏன் என்பதை, சுழலும் காற்றைப் படமாக வரையத் தெரிந்த பிள்ளையே புரிந்துகொள்ளும். அடங்கிய காற்றை நம்பி வெளியே போகக் கூடாது என்று அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் வகுப்புக்கும் இதில் பங்குண்டு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று படிக்கும் எங்கள் பிள்ளைக்கு ஆடி என்பது குளிர்காலம். சித்திரையில் கோடை தணியத் தொடங்கிவிடும். தைப்பூசக் காவடி எடுக்கும் நாள்கள் புயல் பருவத்தின் நடுவே வருகின்றன. தமிழ் மாதங்களை வட்டமாக வரைந்து, அவற்றுக்கு எதிரே எங்கள் தீவின் மழையையும் வெப்பத்தையும் பிள்ளைகளையே எழுத வைத்தால், முன்னோர் வாழ்ந்த நிலத்தையும் தாம் வாழும் நிலத்தையும் ஒருசேர அறிவார்கள்.

புயலைப் பற்றி மிகுதியாகப் பேசினால் பிள்ளைகள் அஞ்சுவார்கள் என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் உடன்பட முடியவில்லை. காரணம் தெரியாத பேரோசைதான் பிள்ளையை நடுங்க வைக்கிறது. தவிரவும், நாம் அஞ்சும் அதே புயல்மழைதான் மார்-ஓ-வாக்குவா போன்ற நீர்த்தேக்கங்களையும் நிரப்புகிறது. கோடை மழை பொய்த்த ஆண்டுகளில் குழாயில் நீர் வராமல் நாம் பட்ட பாட்டையும் பிள்ளைகள் அறிவார்கள்.

இந்த மண்ணில் வானிலை அறிவியலை வளர்த்தவரே ஓர் ஆசிரியர்தான். 1848இல் ராயல் கல்லூரியில் கணிதம் கற்பிக்க வந்த சார்லஸ் மெல்ட்ரம், 1851இல் மொரீசியஸ் வானிலைச் சங்கம் தோன்றக் காரணமானார். துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் குறிப்பேடுகளிலிருந்து காற்றும் அழுத்தமும் பற்றிய பதிவுகளைத் திரட்டி, அவற்றைக் கொண்டு இந்தியப் பெருங்கடற் புயல்களின் போக்கை ஆராய்ந்தார். பலர் பல இடங்களில் எழுதி வைத்த எண்களை ஒன்றுசேர்த்துப் பார்ப்பதே அவர் வழி. பள்ளிகளும் அதையே செய்யலாம்.

எங்கள் கல்வியாண்டு ஜனவரியில், புயல் பருவத்தின் உச்சத்தில் தொடங்குகிறது. ஆகவே வானிலைப் பாடம் முதல் பருவத்தின் முதல் வாரங்களிலேயே வர வேண்டும். கியூர்பிப், கிழக்கிலுள்ள ஃப்ளாக், போர்ட் லூயிஸ் ஆகிய மூன்று ஊர்களில் ஊருக்கொரு பள்ளி மழைமானி வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் அந்த வார அளவுகளைப் பரிமாறிக்கொண்டால், ஒரு பருவத்துக்குள் தீவின் மழை வரைபடம் பிள்ளைகளின் கையாலேயே உருவாகிவிடும். எச்சரிக்கை நடப்பில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் அளவெடுக்க வெளியே போகக் கூடாது. அது நீங்கிய பிறகு மொத்த அளவை எழுதினால் போதும். இதில் சேர விரும்பும் ஆசிரியர்கள் பள்ளியின் பெயரையும் ஊரையும் கீழே எழுதுங்கள். பதிவுத்தாளின் மாதிரியைத் தமிழிலும் கிரியோலிலும் நானே ஆயத்தம் செய்து அனுப்புகிறேன்.