ஹங்கேரியிடமிருந்து தலைமைப் பொறுப்பு பறிக்கப்பட்டதா?

2024 ஆகஸ்ட் மாத வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துக்கு முன்பே, ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சிலின் (உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் அவை) தலைமைப் பொறுப்பை ஹங்கேரியிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

மாறியது கூட்டம் நடக்கும் இடம் மட்டும்தான். அப்போது ஹங்கேரியின் பிரதமராக இருந்த ஓர்பான் ஜூலையில் மாஸ்கோ போய்ப் புதினைச் சந்தித்தார். ஒன்றியம் போரை விரும்புவதாகவும் ஹங்கேரி பேசியது. அதனால் புடாபெஸ்ட்டில் நடக்கவிருந்த கூட்டத்தை, ஒன்றியத்தின் அப்போதைய வெளியுறவுக் கொள்கைத் தலைவர் பொரெல் பிரஸ்ஸல்ஸுக்கு மாற்றினார். வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பது எப்போதும் அந்தப் பதவியில் இருப்பவர்தான், ஆறு மாதத்துக்கு ஒரு நாடு என்று சுழற்சி முறையில் கவுன்சிலின் தலைமைப் பொறுப்புக்கு வரும் நாடு அல்ல. குழப்பமே இங்கேதான். ஹங்கேரியின் ஆறு மாதப் பொறுப்பு டிசம்பர் 31 வரை நீடித்தது.

அப்புறம், ரஷ்யா மீதான எந்தத் தடைக்கும் ஹங்கேரி சம்மதிக்கவில்லை என்பதும் பொய். உக்ரைனுக்கு ஆயுதம் தர மறுத்தது, ராணுவ உதவி நிதியைத் தடுத்தது, உண்மை. ஆனால் தடைகளுக்கு 27 நாடுகளும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 ஜூனில் 14ஆவது தடைத் தொகுப்பு அப்படித்தான் நிறைவேறியது.