கொம்பில்லாத மான்

வில்லால் வேட்டையாடிய மானோடு நான் இருக்கும் படத்தைப் போன வாரம் போட்டேன். அதற்கு வந்த கருத்துகளில் பாதி “கொம்பு எங்கே?”, மீதி “பாவம் இல்லையா?”. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அது பெண் மான். வெள்ளைவால் மானில் கொம்பு ஆணுக்குத்தான். இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத வரவில்லை, அதனால் இந்த நீளப் பதிவு.

ஊரிலிருந்து சித்தப்பா “உள்ள தூக்கிப் போட்டுருவாங்கடா” என்று எழுதியிருந்தார். நம் ஊரில் போடுவார்கள் சித்தப்பா, போடவும் வேண்டும். நான் இருப்பது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம். இங்கே மான் பத்து லட்சத்துக்கும் மேல். அதைத் தின்ன வேண்டிய ஓநாய்களை மனிதர்கள் ஒருகாலத்தில் அடியோடு ஒழித்தார்கள். இப்போது வடக்கே கொஞ்சம் திரும்பியிருக்கின்றன, அவ்வளவுதான். ராத்திரி நெடுஞ்சாலையில் கார் ஓட்டுபவர்களைக் கேட்டால் மானைப் பற்றி வேறு மாதிரிப் பேசுவார்கள். லைசென்ஸ் எடுத்து, எந்தப் பகுதியில் எந்த மான் என்று சீட்டு வாங்கித்தான் காட்டுக்குள் போக முடியும். மான் கிடைத்தால் மறுநாள் மாலை 5 மணிக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

ஆனால் என் மனத்தை அரிப்பது அந்தக் கணக்கு இல்லை. வில் பிடிக்கிறவர்கள் ஒரு பெருமை பேசுவோம்: துப்பாக்கியால் யாரும் சுடலாம், வில்தான் நேர்மையான வேட்டை, மானுக்கும் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் வில்லுக்கென்று தனி மான் பருவத்தை முதலில் அறிவித்தது இந்த மாநிலம்தான், 1934-இல். அப்போது மாநிலத் தலைநகர் மேடிசனில் பேராசிரியராக இருந்த காட்டுயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்டும் வில்லாளி. அந்தப் பரம்பரைப் பெருமையை நானும் மூன்று வருஷம் பேசினேன். இந்தப் பருவத்துக்குப் பிறகு பேச வாய் வரவில்லை.

செப்டம்பரில் ஆரம்பித்தது. நான் போவது மேடிசனுக்கு மேற்கே ஒரு பண்ணைக்காரரின் காடு. பழைய பனியாறுகள் ஏறாமல் விட்டுப்போன நிலம் என்பதால் எங்கும் மேடும் பள்ளமும். மேட்டில் ஓக் மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்தேன். பகலில் சூடான காற்று சரிவில் மேலேறும். வெயில் இறங்கியதும் அதே காற்று குளிர்ந்து, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வழியும். படித்திருந்தேன், ஆனால் உடம்பில் ஏறவில்லை. சாயங்காலம் ஐந்து மான்கள் கீழிருந்து வந்தன. முன்னால் வந்த கிழப் பெட்டை முப்பது கஜத்தில் நின்று, தலையைத் தூக்கி, மூக்கால் “ப்ஸ்ஸ்” என்று ஊதியது. பிரஷர் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம். ஐந்து வெள்ளை வாலும் ஒன்றாய் நிமிர்ந்து மறைந்தன. என் வாசம் எனக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்திருந்தது.

அக்டோபரில் எய்தே விட்டேன். இருபத்தைந்து கஜம், ரேஞ்ச்ஃபைண்டரில் அளந்த தூரம், குறியும் சரி. அம்பு முதுகுக்கு மேலே போனது. அந்தத் தூரத்தைக் கடக்க என் அம்புக்குக் கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். நாண் அதிரும் ஒலிக்கு அதில் கால் பங்கு நேரம் போதும். ஒலி கேட்டதும் மான் பாய்வதற்காகக் காலை மடக்குகிறது, உடம்பு ஒரு சாண் இறங்குகிறது, அம்பு காலியான இடத்தைக் குத்துகிறது. மரத்திலிருந்து இறங்கி, மண்ணில் செருகி நின்ற அம்பைப் பிடுங்கி, இறகைத் தடவிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தேன். மண் வாசம் மட்டும். அன்றைக்கு அது ஏமாற்றமாக இருந்தது. அதுதான் இருப்பதிலேயே நல்ல தவறு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இன்னொரு நாள் குளிரங்கியின் கை நாணில் உரசியது, அம்பு எங்கோ போனது. ஒரு நாள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அதெல்லாம் சொல்லும் தரத்தில் இல்லை.

நவம்பர் இரண்டாம் வாரம். இணைசேரும் காலத்தின் உச்சம், ஆண் மான்கள் சோறு தண்ணீர் மறந்து அலையும். எட்டுக் கிளைக் கொம்பன் ஒன்று இருபது கஜத்தில் வந்து நின்றது. பக்கவாட்டில் இல்லை, நெஞ்சை என் பக்கம் சாய்த்து நின்றது. அந்தக் கோணத்தில் தோள் எலும்பு நுரையீரலை மறைக்கும், எய்யக் கூடாது. முதல் நாள் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். என் வில்லை இழுக்க ஐம்பத்தைந்து பவுண்டு விசை வேண்டும், கடைசிவரை இழுத்துவிட்டால் வில்லின் நுனிகளில் உள்ள கப்பிகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும், கையில் பதினொன்றோ பன்னிரண்டோதான் நிற்கும். அப்படியும் ஒரு நிமிஷத்தில் தோள் நடுங்குகிறது. திரும்பும், திரும்பும் என்று பார்த்தேன். திரும்பவில்லை. விட்டேன்.

கொம்பைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். வேறு காரணம் சொன்னால் பொய்.

அரை மணி காத்திருந்து இறங்கினேன். தரையில் வெள்ளை முடி. வெள்ளை முடி என்றால் அடிநெஞ்சு. நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும். இது பளிச்சென்ற சிவப்பு, சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டும் முந்தையதைவிடத் தள்ளி. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு சொட்டுக்கும் பக்கத்தில் டிஷ்யூ பேப்பர் வைத்துக்கொண்டே போனேன். இருநூறு கஜத்தில் ஒரு முள்வேலி. கீழ்க்கம்பியில் கடைசிச் சொட்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் வேறொருவர் நிலம். அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தா திறந்தார். “என் அம்பு பட்ட மான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா?” என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் பொறி தட்டியது. நம் சங்கக் குறிஞ்சித் திணைப் பாடல்களின் தலைவன் தினைப்புனத்தில் நின்று கேட்கும் அதே கேள்வி. கெடுதி வினாதல், அதாவது தொலைத்ததை விசாரிப்பது, என்று அதற்குத் துறையே உண்டு. அவனுக்கு மான் சாக்கு, பெண்ணிடம் பேச வேண்டும். எனக்குச் சாக்கு எதுவும் இல்லை. தாத்தா கேள்வியே கேட்காமல் பூட்ஸை மாட்டிக்கொண்டு பெரிய டார்ச்சோடு வந்தார். பதினொரு மணிவரை தேடினோம். மறுநாள் லீவு போட்டுவிட்டு நான் மட்டும் தேடினேன். கிடைக்கவில்லை.

அடிநெஞ்சில் கீறல் பட்ட மான் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்று அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் “மானுக்கும் வாய்ப்பு உண்டு” என்று நாம் சொல்லும் அந்த வாய்ப்பு எப்படி இருக்கும் என்று அந்த வேலிக் கம்பியில் பார்த்தேன். சரியாகச் சுடப்பட்ட தோட்டாவைவிடத் தவறாக விடப்பட்ட அம்பு பல மடங்கு கொடியது. வில்லில் ஏதாவது நேர்மை இருந்தால் அது விடாத அம்புகளில் இருக்கிறது. அதற்கு யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை, நானும் போடவில்லை.

ஆறு வாரம் வில்லைத் தொடவில்லை. “கறிதான் வேணும்னா கடையில வாங்கிக்கலாமே” என்று மனைவி ஒரு தடவை சொன்னாள், அப்புறம் அவளும் விட்டுவிட்டாள்.

டிசம்பர் கடைசியில் போனேன். முழங்கால் பனி, மைனஸ் பன்னிரண்டு. மூன்று மான்கள் வந்தன. இரண்டு முறை நாணை இழுத்து, கோணம் சரியில்லை என்று இரண்டு முறையும் மெதுவாக விட்டுக்கொடுத்தேன். மூன்றாவது முறை ஒரு பெட்டை பதினாறு கஜத்தில் முழுப் பக்கவாட்டில், முன்காலை ஒரு அடி எடுத்து வைத்து நின்றது. அம்பை விட்டேன். எழுபது தப்படி ஓடி விழுந்தது. பனியில் தடம் தேட வேண்டிய வேலையே இல்லை. பக்கத்தில் போய் மண்டியிட்டபோது கண் திறந்திருந்தது, இமை மயிரில் பனித்துகள் உருகாமல் இருந்தது. படத்தில் நான் சிரிக்கிறேன் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். குளிரில் முகம் அப்படித்தான் போகும், கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன்.

உடனே தின்றுவிட முடியாது. மான்களின் மூளையைத் தாக்கும் நோய் ஒன்று 2002-இல் இந்த மாநிலத்துக்குள்ளும் வந்துவிட்டது தெரிந்தது, அதுவும் இதே வட்டாரத்தில். காரணம் ஒரு கெட்டுப்போன புரதம், எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. கழுத்து நிணநீர்க் கணுவைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, கறியைத் தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துக் காத்திருந்தோம். நோய் இல்லை என்று முடிவு வந்த அன்று மனைவிதான் மிளகு வறுவல் போட்டாள். மான் கறியில் கொழுப்பு இல்லை. நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும், அடுப்பில் அதிக நேரம் வைத்தால் செருப்பு.

ஒரு டப்பா தாத்தாவுக்கு எடுத்துப் போனேன். நவம்பர் மானைப் பற்றிக் கேட்டேன். துப்பாக்கிப் பருவத்தில் பேரன்கள் காடு முழுக்க நடந்தார்களாம், செத்த மான் எதுவும் கண்ணில் படவில்லையாம், காக்கை வட்டமிட்டும் பார்க்கவில்லையாம். “இருக்கும்” என்றார். எது இருக்கும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் டப்பாவைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகு. தண்ணீர் எடுத்துவர உள்ளே ஓடினேன்.